சுண்ணம், ஸ்னோ, பவுடர்: முகத்தின் மினுக்கம் குறையாக மாறிய வரலாறு

சீவக சிந்தாமணியின் குணமாலையார் இலம்பகத்தில் ஒரு பொடித் தேர்வு நடக்கிறது. குணமாலையும் சுரமஞ்சரியும் தோழியர். நீர்விளையாட்டு விழாவுக்கென இருவரும் சுண்ணம் செய்விக்கின்றனர். எவருடைய சுண்ணம் உயர்ந்தது என்பதில் வழக்கு மூள்கிறது. தோற்றவள் அவ்விழாவில் நீராடலாகாது என்பது பந்தயம். வழக்கு சீவகனிடம் வருகிறது. அவன் இரண்டு பொடிகளையும் வானில் தூவுகிறான். குணமாலையின் சுண்ணம் நிலத்தைத் தொடும் முன்பே வண்டுகள் மொய்த்துக் கவர்ந்துவிடுகின்றன. சுரமஞ்சரியின் சுண்ணம் மண்ணில் வீழ்கிறது. தோற்றவள் இனி ஆடவர் முகம் நோக்கேன் எனச் சூளுரைத்துக் கன்னிமாடம் புகுகிறாள். ஒரு பிடி பொடிக்காக இவ்வளவு.

இது தமிழுக்கு மட்டும் உரிய கதையன்று. ஜீவந்தரன் வரலாற்றை ஒன்பதாம் நூற்றாண்டில் குணபத்திரர் தம் வடமொழி உத்தரபுராணத்தில் பாடியிருக்கிறார். சமணர் பரவிய நாடுகளிலெல்லாம் இக்கதை வழங்கியது. இங்கே கவனத்துக்குரியது தேர்வின் அளவுகோல். பொடியின் தரம் மணத்தால் அளக்கப்படுகிறது. அது முகத்தின் மினுக்கத்தை அடக்குகிறதா, ஒப்பனையைக் கலையாமல் நிறுத்துகிறதா என்று எவரும் வினவவில்லை. இன்று ஓர் ஒப்பனைக் கடையில் நிற்கும் பெண் கேட்கும் முதற்கேள்விகள் அவைதாம். வண்டு நடுவராக இருந்த இடத்தில் கேமராவின் ஃபிளாஷ் வந்து அமர்ந்திருக்கிறது.

ஒப்பனையின் இறுதிப் படியில் ஒற்றப்படும் பொடிக்கு இரண்டு வேலைகள் உண்டு. அடியில் இட்ட களிம்பை நகராமல் படியவைப்பது ஒன்று; தோலில் ஊறும் எண்ணெயின் பளபளப்பை அடக்குவது மற்றொன்று. இந்திய அனுபவத்தில் மூன்றாவது வேலை ஒன்றும், யாரும் கேளாமலே, இவற்றோடு சேர்ந்துகொண்டது: முகத்தை வெளுப்பாக்குவது. மூன்றும் ஒரே டப்பியில் அடைபட்டது எவ்வாறு என்பதைப் பின்தொடர்ந்தால் நாடக மேடை, படச்சுருள், சுரங்கம், நீதிமன்றம் என்று பல இடங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது.

முதலில் சொற்கள். வடமொழியில் 'ஸ்நேஹம்' என்பது எண்ணெயையும் குறிக்கும், அன்பையும் குறிக்கும். அதன் வழிவந்த 'ஸ்நிக்தம்' என்ற பெயரடைக்கு எண்ணெய்ப்பசை உடையது, பளபளப்பானது, கனிவானது என்ற பொருள்கள் அனைத்தும் உண்டு. தமிழில் 'நேயம்' அதே வேரிலிருந்து வந்து, அதே இரு பொருளையும் தாங்கி நின்றது. சங்கப் பாடல்களில் தலைவியின் மேனியழகு 'மாமை'. அது மாந்தளிரோடு ஒப்பிடப்படும். புதுத்தளிரின் நிறத்தை அதன் மேல் ஓடும் மெல்லிய ஒளியிலிருந்து பிரிக்க இயலாது. பிரிவுத் துயரில் அந்த ஒளி போய்ப் பசலை படர்கிறது. ஆக, இலக்கிய மரபில் மினுங்கும் தோல் நலத்தின் அடையாளம். மங்கிய தோலே நோயின் அடையாளம்.

இதை அளவுக்கு மீறி நீட்டி, பண்டை இந்தியா எண்ணெய் முகத்தைக் கொண்டாடியது என்று எழுதிவிடுவது எளிது. காளிதாசன் அதற்கு இடந்தரமாட்டான். குமாரசம்பவத்தின் ஏழாம் சருக்கத்தில் மணக்கோலம் பூணும் பார்வதியின் உடலில் தேய்த்த எண்ணெயைப் பெண்கள் லோத்திரக் கற்கத்தால் அகற்றுகின்றனர். அதன்பின் மணப்பூச்சு இடுகின்றனர். லோத்திரம் என்பது தமிழ் மருத்துவ நூல்கள் வெள்ளிலோத்திரம் என்று கூறும் மரம். அதன் பட்டை துவர்ப்புடையது. மேகதூதத்திலோ அளகாபுரிப் பெண்கள் லோத்திரப் பூவின் துகளால் முகத்துக்கு வெண்மை ஏற்றுகின்றனர். எண்ணெயை எடுப்பதும் முகத்தை வெளுப்பிப்பதும் ஆங்கிலேயர் கப்பலில் வந்திறங்கிய ஆசைகள் அல்ல என்பதற்கு இவ்விரண்டு இடங்களே போதும். எனினும் ஒரு நுட்பம் உண்டு. பார்வதியின் உடலிலிருந்து அகற்றப்படுவது வெளியிலிருந்து பூசிய குளியல் எண்ணெய். தோல் தானே சுரக்கும் நெய்ப்பு ஒரு குறையாக அங்கே பேசப்படவில்லை.

விளக்கு மாறியபோதுதான் அது குறையாயிற்று. கேரளத்துக் கதகளியில் பெண்களுக்கும் முனிவருக்கும் உரிய ஒப்பனை வகையின் பெயரே 'மினுக்கு'. மனையோலை என்ற மஞ்சள் நிறப் பாஷாணத்தையும் சாயில்யம் என்ற சாதிலிங்கத்தையும் குழைத்துப் பூசி, அதன்மேல் அப்பிரகத் துகளைத் தூவுவர். ஆட்ட விளக்கின் எண்ணெய்ச் சுடர் சிறியது, அசைவது. அதன் முன் நிற்கும் முகம் ஒளியைத் திருப்பித் தந்தால்தான் பின்வரிசைக்குத் தெரியும். அங்கே இறுதியாகத் தூவும் பொடிக்கு இருந்த பணி, இன்றைய பொடியின் பணிக்கு நேர் எதிரானது.

தமிழ்க் கூத்து மரபு ஒப்பனைக்கு வழங்கும் சொல் 'அரிதாரம்'. வடமொழி 'ஹரிதாலம்' தமிழில் அவ்வாறு திரிந்தது. மஞ்சள் நிறமுள்ள ஆர்சனிக் கனிமம் அது. ஒரு நச்சுப் பொருளின் பெயரே ஒரு தொழிலின் பெயராகிவிட்டது. இன்று அரிதாரம் பூசும் நடிகர் எவரும் அரிதாரத்தைப் பூசுவதில்லை. வட இந்திய ராம்லீலா, நௌடங்கி மேடைகளில் 'முர்தாசங்', 'சஃபேதா' என்ற இரு பொடிகள் நெடுங்காலம் வழங்கின. பாரசீகத்தில் 'முர்தா சங்' என்றால் செத்த கல். ஈய ஆக்சைடைக் குறிக்கும் பெயர். தமிழ் வைத்தியர் அதையே மிருதார்சிங்கி என்றனர். சஃபேதா ஈய வெள்ளையைக் குறித்து, பின்னர் துத்தநாக வெள்ளைக்கும் பெயராயிற்று. ஆர்சனிக், பாதரசம், ஈயம் ஆகிய மூன்றையும் இந்தியக் கலைஞர் தலைமுறை தலைமுறையாக முகத்தில் ஏந்தி ஆடியிருக்கின்றனர். மேடை வரலாறு எழுதுவோர் இந்தக் கணக்கை அதிகம் எடுப்பதில்லை. 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் 1962-இல் திருத்தப்பட்டு அழகுசாதனப் பொருள்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்த பிறகுதான், நிறமூட்டுவதற்கு ஈய, ஆர்சனிக் சேர்மங்களைச் சேர்ப்பது விலக்கப்பட்டது. அந்த விலக்கும் கடைப்பொருளுக்குத்தான். ஊர்த்திருவிழாவின் ஒப்பனைப் பெட்டிக்குள் அது எட்டிப் பார்க்கச் சில காலம் பிடித்திருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாய், கல்கத்தா அரங்குகளுக்கு முதலில் எரிவாயு விளக்கும் பின்னர் மின்விளக்கும் வந்தன. சுடரைப் போலன்றி இந்த ஒளி அசையாதது, கடுமையானது. முகத்தின் ஒவ்வொரு வியர்வைத் துளியும் அதில் தனியே தெரியும். 1870-களில் பெர்லினில் லூத்விக் லைஷ்னர் என்ற இசைநாடகப் பாடகர் கொழுப்பில் நிறமியைக் குழைத்துக் குச்சிகளாக்கி விற்கத் தொடங்கினார். ஈயப் பொடியைக் காட்டிலும் தீங்கு குறைந்தது, தோலில் நன்றாகப் பரவுவது என்பதால் அந்தக் கொழுப்புக் குச்சி உலகெங்கும் மேடைகளில் நுழைந்தது. அதற்கு ஒரு குறை: கொழுப்பு உலராது, விளக்குச் சூட்டில் உருகிப் பளபளக்கும். ஆகவே அதன்மேல் பொடியை ஒற்றி, மிகுந்த எண்ணெயை உறிஞ்சவிட்டு, எஞ்சியதைத் தூரிகையால் தட்டிவிடும் வழக்கம் பிறந்தது. படியவைக்கும் பொடியின் இன்றைய தொழில்நுட்பம் முழுவதும் இந்த ஒற்றைச் செயலிலிருந்து வளர்ந்தது.

இங்கே தமிழில் ஒரு சொல்லிடர் எழுகிறது. முகத்தில் இடும் எதையும் 'பூச்சு' என்கிறோம். சுவருக்கும் அதே சொல்தான். இந்தப் பொடியோ பூசப்படுவதே இல்லை. பூசினால் அடியிலுள்ளது கலைந்துவிடும். அது ஒற்றப்படுகிறது. கண்ணில் ஒற்றிக்கொள்வது, புண்ணில் ஒற்றடம் கொடுப்பது என்று தமிழில் உயிரோடுள்ள வினை இருந்தும் ஒப்பனைத் தொழிலில் 'செட் பண்ணுவது' என்றே நிலைத்துவிட்டது. பழைய 'சுண்ண'த்தின் கதை இன்னும் வேடிக்கையானது. வடமொழிச் 'சூர்ணம்' பிராகிருதத்தில் 'சுண்ண' ஆகி, தமிழில் நறுமணப் பொடியையும் நீற்றையும் சேர்த்துக் குறித்தது. 'சுண்ணாம்பு' அதன் சுற்றம். இந்தியிலோ அதே வேர் சுவருக்கு அடிக்கும் 'சூனா'வாகவும், செரிமானத்துக்குத் தின்னும் 'சூரண்' ஆகவும் கிளைத்தது. முகத்தில் பவுடர் அதிகமானவரைப் பார்த்துச் 'சுண்ணாம்பு அடித்ததுபோல்' என்று எள்ளும் தமிழர், தம்மை அறியாமல் சீவகன் காலத்துச் சொல்லைத்தான் பயன்படுத்துகின்றனர்.

மேடையைவிடக் கடுமையான நடுவராகப் படச்சுருள் வந்தது. மௌனப்படக் காலத்தில் வழங்கிய 'ஆர்த்தோகுரோமாட்டிக்' சுருள் நீலத்தையும் பச்சையையும் உணரும், சிவப்பை உணராது. மனிதத் தோல், அதிலும் பழுப்புத் தோல், திருப்பி அனுப்பும் ஒளியில் பெரும்பகுதி சிவப்புப் பக்கத்தைச் சேர்ந்தது. ஆகவே கண்ணுக்குத் தெரிவதைவிடக் கருமையாக முகம் படத்தில் விழும். ஐரோப்பிய நடிகருக்கே இது சிக்கலாக இருந்தது. அவர்கள் வெண்பூச்சைத் தடித்து இட்டுச் சமாளித்தனர். தாதாசாகிப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' 1913-இல் வெளிவந்த காலத்திலிருந்து இந்திய நடிகருக்கு அச்சிக்கல் இரட்டிப்பாக இருந்தது. கருவியின் குருட்டுத்தன்மை முகத்தின் குறையாகக் கணக்கிடப்பட்ட தருணம் இதுவே. பொடியின் மூன்றாவது வேலைக்கு ஒரு தொழில்நுட்ப நியாயம் கிடைத்தது. லோத்திரத் துகள் காலத்து ஆசை அறிவியலின் உடையை அணிந்துகொண்டது.

1920-களின் இறுதியில் எல்லா நிறங்களையும் உணரும் 'பான்குரோமாட்டிக்' சுருள் அதன் இடத்தைப் பிடித்தது. அந்த நியாயம் அத்துடன் காலாவதியாகியிருக்க வேண்டும், ஆகவில்லை. ஆனால் மினுக்கத்தின் சிக்கல் வேறொரு வழியில் முற்றியது. 1931-இல் 'ஆலம் ஆரா' பேசத் தொடங்கிய பின், சீறும் வில்விளக்குகள் ஒலிப்பதிவைக் கெடுத்தன. ஓசையற்ற டங்ஸ்டன் விளக்குகளுக்குப் படப்பிடிப்புத் தளங்கள் மாறின. ஓசை போயிற்று, வெப்பம் ஏறிற்று. ஒலிக்காகக் கதவுகளை அடைத்த கூடத்தில், பம்பாய் வெயில் காலத்தில், அந்த விளக்குகளின் அடியில் நிற்கும் நடிகையின் நெற்றியைக் காட்சிக்குக் காட்சி ஒற்றிவிட ஓர் ஆள் தேவைப்பட்டது. 'டச்-அப்' என்ற சொல்லும் அதற்கென ஒரு பணியாளும் இந்தியப் படத்துறையில் நிலைத்ததற்கு இந்த வெப்பம் ஒரு காரணம்.

போலந்திலிருந்து அமெரிக்கா சென்ற மேக்ஸ் ஃபாக்டர் நிறுவிய நிறுவனம் 1930-களின் பிற்பகுதியில் 'பேன்-கேக்' என்ற கட்டியை உருவாக்கியது. டெக்னிகலர் படங்களில் கொழுப்புப் பூச்சின் பளபளப்பு சுற்றியிருந்த பொருள்களின் நிறத்தையெல்லாம் முகத்தில் பிரதிபலித்துக் காட்டியதே அதற்குத் தூண்டுதல். ஈரப் பஞ்சால் தொட்டு இட்டால், உலர்ந்ததும் தானே ஒளியடங்கி நிற்கும். அடித்தளமும் பொடியும் ஒன்றேயான பொருள். இந்தியாவில் அது எவ்வளவு பெருகியது என்பதற்கு அசோகமித்திரன் சாட்சி. ஜெமினி ஸ்டுடியோவில் பணியாற்றிய நினைவுகளை அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலின் ஒரு பகுதி என்சிஇஆர்டி பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்று, நாடெங்கும் மாணவர் படித்த ஒன்று. லாரி லாரியாக வந்திறங்கிய பேன்கேக்கையும், வங்காளியர், மராட்டியர், கன்னடர், ஆந்திரர், தமிழர் என எல்லாரும் கூடியிருந்த ஒப்பனைப் பிரிவையும், அங்கு எரிந்த விளக்குகளின் தகிப்பையும் அவர் எள்ளலோடு வரைகிறார். மாணவர் அதை நகைச்சுவைக் கட்டுரையாகப் படித்துக் கடந்துவிடுகின்றனர். அது ஒரு தொழிலாளர் வரலாற்று ஆவணமும் ஆகும்.

படத்துறைக்கு வெளியே, வீட்டுக் கண்ணாடியின் முன் நடந்தது வேறு கதை. அதன் நாயகன் 'ஸ்னோ'. ஸ்டியரிக் அமிலத்தைக் காரத்தோடு சேர்த்துச் செய்த, தோலில் தேய்த்ததும் மறையும் களிம்பு அது. அது விட்டுச்செல்லும் மெல்லிய படலத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இராது, பொடி பற்றிக்கொள்ளும். ஆகவே ஸ்னோவும் பவுடரும் பிரியாத இணையாயின. வங்காளியில் 'ஸ்னோ-பாவுடர்', மராத்தியில் 'ஸ்னோ-பாவடர்', தமிழில் 'ஸ்னோ, பவுடர்' என்று இந்தியாவின் பல மொழிகளில் அது ஓர் இணைச்சொல்லாகவே உறைந்தது. பம்பாயில் ஈ. எஸ். பாடன்வாலா 1919-இல் தொடங்கிய 'ஆப்கன் ஸ்னோ' இந்தியர் செய்த பொருள்களில் புகழ்பெற்றது. ஆப்கன் அரசர் அமானுல்லா அதைக் கண்டு தம் நாட்டுப் பனி போல் இருப்பதாகச் சொன்னதால் வந்த பெயர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதை எப்படியாயினும், பனியே விழாத ஊர்களில் பனியின் பெயரால் ஒரு களிம்பு விற்றது. அந்தப் பெயர் வெண்மையையும் தண்மையையும் ஒருசேர வாக்களித்தது.

இணைச்சொல் விரைவிலேயே வசைச்சொல்லாகவும் ஆயிற்று. ஸ்னோ-பவுடர் போடுபவள் என்றால் படித்தவள், அடங்காதவள், செலவாளி. 1938-இன் இறுதியில், மாணவர்கள் பெண்களுக்குத் தரும் தொல்லை பற்றி வந்த முறையீட்டுக்கு 'ஹரிஜன்' இதழில் மறுமொழி எழுதிய காந்தி, நவீனப் பெண் ஒப்பனையால் இயற்கையைத் திருத்திக்கொண்டு பிறர் கவனத்தைக் கவர விழைகிறாள் என்ற பொருளில் கடிந்துகொண்டார். பதினொரு பெண்களின் சார்பில் அவருக்கு ஒரு மறுப்புக் கடிதம் வந்தது. தொல்லை தருவோரை விட்டுவிட்டுத் தொல்லைக்கு ஆளாவோரின் தோற்றத்தைக் குறை கூறுவது எவ்விதம் தகும் என்பது அதன் சாரம். அவர் அதை 1939-இல் தம் இதழிலேயே எடுத்து விவாதித்தார். முகப்பொடியைப் பற்றி இந்தியாவில் நடந்த பொது விவாதங்களில் இதைவிடக் கூர்மையானது அரிது. ஒப்பனை வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியை அப்பெண்கள் மிகச் சரியாகவே ஒதுக்கிவிட்டு, குற்றம் யாருடையது என்று கேட்டனர்.

விடுதலைக்குப் பின் அன்னியச் செலாவணி நெருக்கடியில் இறக்குமதி ஒப்பனைப் பொருள்கள் ஆடம்பரமாயின. 1952-இல் டாடா எண்ணெய் ஆலை நிறுவனம் 'லாக்மே'யைத் தொடங்கியது. பெயர், டெலிபின் 1883-ஆம் ஆண்டு பிரெஞ்சு இசைநாடகத்திலிருந்து வந்தது. அந்நாடகத்தின் நாயகி ஓர் இந்தியப் புரோகிதரின் மகள். 'லட்சுமி' பிரெஞ்சு நாவில் 'லாக்மே'யாகி, பாரிஸ் மேடையிலிருந்து பம்பாய்க்குத் திரும்பிய பயணம் மொழியியல் வகுப்புக்கு ஏற்ற எடுத்துக்காட்டு. இன்னொரு முரணும் உண்டு: எர்ணாகுளத்தில் கொப்பரை ஆட்டத் தொடங்கிய ஒரு நிறுவனம், முகத்து எண்ணெயை ஒற்றியெடுக்கும் பொடியை விற்கலாயிற்று. 1961-இல் நிர்வாகக் குழுவில் சேர்ந்த சிமோன் டாடாவின் காலத்தில் இந்தியத் தோலுக்கும் தட்பவெப்பத்துக்கும் உரிய வண்ணங்கள் என்ற எண்ணம் விற்பனைப் பேச்சில் இடம்பிடித்தது. நடுத்தர வர்க்கத்தின் பெரும்பகுதிக்கு அந்தக் கைப்பெட்டிப் பொடியும் எட்டாத பொருளே. அவர்கள் முகத்தில் இட்டது உடலுக்கென விற்ற டால்கம் பவுடர். பாண்ட்ஸ், கியூட்டிகூரா தகர டப்பாக்கள் அந்தப் பணியைச் செய்தன. மாலையில் முகம் கழுவி, உள்ளங்கையில் சிறிது கொட்டித் தேய்த்து, நெற்றியில் பொட்டிடுவது பல கோடிப் பேரின் ஒரே ஒப்பனை. பல்லாவரத்தில் 'பாண்ட்ஸ்' என்பது ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயராகவே ஆகிவிட்டது.

அந்த டப்பாவுக்குள் இருந்தது ஒரு கல். டால்க் என்ற கனிமம் நகத்தால் கீறக்கூடிய அளவுக்கு மென்மையானது. அதன் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அந்த வழுக்கலே தோலில் பட்டுப்போன்ற உணர்வைத் தருகிறது. பாறையாகக் கிடக்கையில் தமிழில் அது மாக்கல்: மாவாகும் கல் என்று மக்களே சூட்டிய துல்லியமான பெயர். கல்சட்டி செய்வது அதில். சிலேட்டில் எழுதும் பலப்பமும் அதுதான். ஹளேபீடு, பேளூர்க் கோயில்களின் நுண்சிற்பங்கள் அக்குடும்பத்தைச் சேர்ந்த மென்கல்லில் செதுக்கப்பட்டவை. அதே கல் காகிதத்துக்கும் வண்ணப்பூச்சுக்கும் முகத்துக்கும் அரைக்கப்படுகிறது. ராஜஸ்தானும் உத்தராகண்டும் அதன் முக்கிய இருப்பிடங்கள். உத்தராகண்டின் பாகேஸ்வர் மாவட்டத்தில் சோப்புக்கல் தோண்டியதால் வீடுகளில் விரிசல் விழுந்ததாக மக்கள் முறையிட, 2025 ஜனவரியில் அம்மாநில உயர் நீதிமன்றம் அங்கு அகழ்வை நிறுத்தி வைத்தது. டால்க் படிவுகளோடு கல்நார் கலந்து கிடக்கக்கூடும் என்ற பழைய அச்சமும் உண்டு. 2024-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டால்க்கை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் 2A பிரிவில் சேர்த்தது. இன்று கடைகளில் 'டால்க் இல்லாதது' என்ற சொற்றொடர் பெரிய எழுத்தில் மின்னுவதற்கு இதுவே பின்னணி.

டால்க்கின் இடத்தில் சோள மாவு, அரிசி மாவு, சிலிக்கா ஆகியவை வந்தன. பிரெஞ்சுக்காரர் முகப்பொடியை நெடுநாளாக 'அரிசிப் பொடி' என்றே அழைத்தவர்கள். ஆகவே மாவுக்குத் திரும்பியது புதுமையன்று. சிலிக்காதான் புதிது. அதன் கதையில் 'நிறமற்றது' என்ற விளம்பரச் சொல்லின் பொய் வெளிப்படுகிறது.

ஒளிவிலகல் எண்ணைக் கொண்டு இதை விளக்கலாம். தோல் சுரக்கும் எண்ணெயின் எண் ஏறத்தாழ 1.47. சிலிக்காவின் எண் 1.46. ஆகவே எண்ணெயில் நனைந்த சிலிக்காத் துகள் கண்ணுக்கு மறைந்துவிடும். டால்க் 1.58 அளவில் நிற்பதால் சற்றே வெளுப்புத் தரும். துத்தநாக ஆக்சைடு 2.0-ஐ ஒட்டியும், டைட்டானியம் டைஆக்சைடு 2.6-க்கு மேலும் உள்ளவை. எண்ணெயில் ஊறினாலும் வெண்மை மாறாதவை. இதனால்தான் 'டிரான்ஸ்லூசண்ட்' என்று எழுதப்பட்ட இரண்டு டப்பிகளில் ஒன்று பழுப்பு முகத்தில் மறைய, மற்றொன்று சாம்பல் பூத்ததுபோல் நிற்கிறது. வெளிர்ந்த தோலில் இந்த வேறுபாடு தெரிவதே இல்லை. சிதறும் வெள்ளொளி வெள்ளையோடு கலந்துவிடும். யாருடைய தோலில் சோதித்து 'நிறமற்றது' என்று பெயரிட்டார்கள் என்பதை அந்தச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. வண்ணப்பட அச்சுக்கூடங்களில் கோடக் நிறுவனம் நிறச் சமனுக்காக வழங்கிய 'ஷர்லி' அட்டைகளில் பல்லாண்டுகள் வெள்ளைப் பெண்ணின் முகமே அளவுகோலாக இருந்ததும் இதே வகையைச் சேர்ந்தது.

சிலிக்காவிலும் ஒரு கண்ணி உண்டு. எண்ணெயில் நனையாத துகள் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். அறை வெளிச்சத்தில் அது மென்மையாகத் தெரியும், சுருக்கங்கள் மங்கும். கேமராவின் லென்ஸுக்கு அருகிலேயே பொருத்திய ஃபிளாஷ் வெட்டும்போது சிதறலில் ஒரு பங்கு நேரே லென்ஸுக்குத் திரும்புகிறது. கண்ணாடியில் குறையற்றிருந்த முகம் படத்தில் கண்ணடியிலும் மூக்கோரத்திலும் வெண்திட்டுகளோடு விழும். இந்தியத் திருமணத்தில் இது சிறிய விபத்தன்று. ஓர் ஆல்பம் இரண்டு குடும்பங்களில் ஒரு தலைமுறைக்குச் சுழலப்போகிறது. கருத்த மணப்பெண்ணின் நிறத்தைப் பற்றி ஏற்கெனவே போதுமானவர் பேசியிருப்பர். ஆகவே தேர்ந்த ஒப்பனையாளர் தம் தோலிலோ மணப்பெண்ணின் தாடையோரத்திலோ பொடியை ஒற்றி, கைப்பேசியின் ஃபிளாஷில் ஒரு படம் எடுத்துப் பார்த்த பிறகே தூரிகையைத் தொடுகின்றனர். நிறமற்ற பொடியை விட்டு, மஞ்சள் சாயல் உள்ள 'பனானா' பொடிக்கும் தேன் நிறப் பொடிகளுக்கும் பலர் நகர்ந்தது இந்தப் பட்டறிவால். அமெரிக்காவின் பென் நை நிறுவனம் திரைத்தொழிலுக்கெனச் செய்த அந்த மஞ்சள், மனையோலை பூசிய மேடைக்குப் புதிய நிறம் அன்று.

இத்தனை நுட்பமும் நெடுங்காலம் ஆண்களின் கையில் இருந்தது என்பதைச் சொல்லாமல் போக முடியாது. மும்பைப் படத்துறையின் ஒப்பனைக் கலைஞர், சிகையலங்காரர் சங்கம் பெண்களுக்குச் சிகையலங்கார அட்டை மட்டுமே வழங்கிவந்தது. ஒப்பனைக் கலைஞர் அட்டை ஆண்களுக்கு மட்டும். நடிகையின் முகத்தில் பஃப்பை ஒற்றும் பெண் தண்டம் கட்ட வேண்டும், அல்லது படப்பிடிப்புத் தளத்தை விட்டு வெளியேற வேண்டும். ஒப்பனை செய்துகொண்டதற்காகப் பெண்ணை ஏசிய சமூகம், அதைத் தொழிலாகச் செய்து பிழைக்கவும் அவளை விடவில்லை. சாரு குரானா தொடுத்த வழக்கில் 2014 நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதியை நீக்க ஆணையிட்டது. ஐந்தாண்டுகள் மகாராஷ்டிரத்தில் வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அத்துடன் சென்றது. அத்தீர்ப்பு இந்திய அழகியல் வரலாற்றுப் பாடத்திட்டங்களில் ஏன் இடம்பெறுவதில்லை என்பது வியப்புக்குரியது.

2020-இல், உலகெங்கும் நிறவெறி எதிர்ப்பு எழுந்த ஆண்டில், 1975 முதல் இந்தியாவில் விற்ற 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரை 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாற்றிக்கொண்டது. 'வெளுப்பு' என்று நேரே சொல்ல முடியாத இடத்தில் 'ஒளிர்வு' வந்தமர்ந்தது. அதே ஆண்டுகளில் கொரிய அழகியலின் கண்ணாடித் தோலும், பனித்துளி படிந்ததுபோன்ற ஈரமினுக்கமும் இந்திய நகரங்களில் பரவின. நூறாண்டுகள் பொடி கொண்டு அடக்கிய மினுக்கத்தை இப்போது காசு கொடுத்து வாங்குகின்றனர். தோல் தானே சுரக்கும் நெய்ப்பு இன்னும் குறைதான். புட்டியில் வரும் நெய்ப்பே ஏற்புடையது.

இதன் விளைவு ஒப்பனையாளரின் கையில் தெரிகிறது. முகம் முழுவதும் பொடி ஒற்றும் பழக்கம் குறைந்துவிட்டது. நெற்றி, மூக்கின் இருபுறம், முகவாய் ஆகிய இடங்களில் மட்டும் சிறு பஃப்பை மடித்து அழுத்தி எடுக்கின்றனர், கன்னத்தை விட்டுவிடுகின்றனர். பின்னர் கன்ன எலும்பின் மேல் விரல்நுனியால் வேறொரு பொடியைத் தொட்டு வைக்கின்றனர். 'ஹைலைட்டர்' என்று பெயர். உள்ளிருப்பது பெரும்பாலும் அப்பிரகம், கதகளி ஆடுவோர் மினுக்குக்குத் தூவும் அதே கனிமம். உலகச் சந்தைக்குச் செல்லும் அப்பிரகத்தில் ஒரு பங்கு ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி மாவட்டங்களில் கைவிடப்பட்ட குழிகளிலிருந்து போகிறது. அங்கு அதைப் பொறுக்குவோரில் குழந்தைகள் இருப்பதையும், குழி சரிந்து அவர்களில் சிலர் இறந்ததையும் 2016-இல் செய்தியாளர்கள் வெளிக்கொணர்ந்தனர். மறு ஆண்டு அழகுசாதன நிறுவனங்கள் கூடிப் பொறுப்பான அப்பிரகத்துக்கென ஒரு கூட்டமைப்பை நிறுவின. டப்பியின் மேல் எழுதியிருக்கும் பொருள்பட்டியலில் அது 'மைக்கா' என்ற ஒரே சொல்லாக நிற்கிறது. எந்த ஊர்க் குழியிலிருந்து வந்தது என்பதற்கு அங்கே இடமில்லை.